5¾ வயசுப் பையன், முழங்கை எலும்பு 3 மாசமாகியும் சேரல. குழந்தைக்கு எப்படி எலும்பு சேராமப் போகும்?

காவிரிக்கரை | ஜூன் 12, இரவு 11.10

வணக்கம். ரெண்டு வருஷமா இங்க படிச்சுட்டுப் போறதோட சரி, எழுதறது இதுதான் முதல் தடவை. தூக்கம் வரல, அதான்.

மார்ச் முதல் வாரம் பையன் பக்கத்து வீட்டுத் திண்ணையிலேர்ந்து குதிச்சு விளையாடுறப்ப இடது கையை ஊனி விழுந்துட்டான். முழங்கை வெளிப்பக்கம் பொதபொதன்னு வீங்கிருச்சு. அன்னைக்கே ஒரு கிளினிக்குக்குத் தூக்கிட்டு ஓடினோம். எக்ஸ்ரே எடுத்தாங்க. "சின்னக் கீறல்தாம்மா, பிள்ளைங்க எலும்பு, மூணு வாரத்துல ஒட்டிரும்"னு மாவுக்கட்டு போட்டாங்க. மூணு வாரம் கழிச்சுப் பிரிச்சாங்க. பிரிச்ச அன்னைக்கு எக்ஸ்ரே எடுக்கல. மடக்கச் சொன்னாங்க, மடக்கினான். நீட்டச் சொன்னாங்க, முக்கால்வாசி நீட்டினான். "போகப் போகச் சரியாயிரும்"னு அனுப்பிட்டாங்க.

அவனும் ஓடியாடிட்டுத்தான் இருந்தான். போன ஞாயித்துக்கிழமை எண்ணெய் தேய்ச்சு விடுறப்பதான் கையில தட்டுப்பட்டுச்சு. வெளிப்பக்கம் ஒரு முட்டு துருத்திட்டு நிக்குது. கட்டைவிரலை வச்சு லேசா அழுத்தினா அசையுற மாதிரி இருக்கு. வலிக்குதாடான்னு கேட்டா "கையை ஊனினா மட்டும் வலிக்கும்மா"ங்கிறான். இத்தனை நாள் சொல்லவே இல்ல பாருங்க.

திருச்சியில ஒரு எலும்பு டாக்டர்கிட்டக் காட்டினோம். புது எக்ஸ்ரேயைப் பார்த்துட்டு, "எலும்பு சேரவே இல்லம்மா. திறந்து ஸ்குரு வைக்கணும், இடுப்பெலும்புலேர்ந்து கொஞ்சம் எடுத்து வைக்கணும்"னு சொல்றார். மாமியார் "பச்சைப்புள்ள உடம்புல கத்தி வைக்காத, பத்துப் போட்டுக் கட்டினா கூடிடும்"னு பிடிவாதம். வீட்டுக்காரர் வெளிநாட்டுல. போன்ல "நீயே பார்த்து முடிவு பண்ணு"ங்கிறார்.

வயசானவங்களுக்கு எலும்பு கூடாமப் போறது கேள்விப்பட்டிருக்கேன். குழந்தைக்கு எப்படி? நான் சரியாச் சாப்பாடு குடுக்கலையா?

கட்டைவண்டி | ஜூன் 13, காலை 6.25

தங்கச்சி, மனசைத் தளர விடாதீங்க. கால்சியம் கம்மியா இருக்கும். தினம் பிரண்டைத் துவையல், கேழ்வரகுக் கூழ், நாட்டுக்கோழி முட்டை ஒண்ணு. பிரண்டைக்கு எலும்பொட்டின்னு பேரே இருக்கு. என் பேத்திக்கு மணிக்கட்டுக்கு மேல ரெண்டு எலும்பும் முறிஞ்சுது, அஞ்சு வாரத்துல கம்பு மாதிரி ஆயிட்டா. ஆபரேஷனுக்கு அவசரப்படாதீங்க, ஒரு ரெண்டு மாசம் பாருங்க.

நெல்லைச்சீமை | ஜூன் 13, காலை 8.02

உங்க மாமியார் சொல்றதுல நியாயம் இருக்கு. முட்டை வெள்ளைக்கரு, உளுந்து மாவு, மூங்கில் பத்தை வச்சுக் கட்டி எத்தனை பேருக்குக் கூடியிருக்கு. ஆஸ்பத்திரியில போட்ட கட்டுலதானே கூடல? அப்ப கட்டுறவங்க சரியில்ல.

வெள்ளைக்கோட்டு | ஜூன் 13, பிற்பகல் 2.47

நான் அரசு மருத்துவமனை எலும்பு டாக்டர். ஓ.பி. முடிஞ்சு இப்பதான் பார்க்கிறேன். கட்டைவண்டி ஐயா, கோவிச்சுக்காதீங்க, "ரெண்டு மாசம் பாருங்க"ங்கிற யோசனையை மட்டும் தயவுசெஞ்சு வாபஸ் வாங்கிக்குங்க.

காவிரிக்கரை மேடம், எக்ஸ்ரே பார்க்காம நான் அடிச்சுச் சொல்லக் கூடாது. ஆனா வயசு, கையை ஊனி விழுந்தது, வெளிப்பக்க வீக்கம், கட்டுப் பிரிச்சப்புறம் வந்த முட்டு, எல்லாம் ஒரே இடத்தைத்தான் கைகாட்டுது. தோள்லேர்ந்து வர்ற மேல்கை எலும்பு முழங்கையில முடியுற இடத்துல வெளிப்பக்கம் ஒரு குமிழ் இருக்கு. அது உடைஞ்சு தனியாப் பிரியறது. குழந்தைங்க முழங்கை முறிவுல இது ரெண்டாவது இடம். முதலிடம் மூட்டுக்குச் சற்று மேல குறுக்கா முறியறது. ஆறு வயசையொட்டித்தான் இது அதிகமா வரும்.

குழந்தை எலும்பு சீக்கிரம் கூடும்ங்கிறது உண்மை. எலும்பைச் சுத்தித் தடிமனா ஒரு உறை இருக்கு. பச்சை வேப்பங்குச்சியை ஒடிச்சா ஒரு பக்கம் பட்டை விடாமப் பிடிச்சுட்டு நிக்குமே, அந்த மாதிரி. விரல்னா 3 வாரம், முன்கைன்னா 4லேர்ந்து 6 வாரம். ஐயா பேத்திக்கு அஞ்சு வாரத்துல கூடினது பிரண்டை இல்லாமலும் கூடியிருக்கும். இந்த நம்பிக்கைதான் இந்த ஒரு முறிவுல எல்லாரையும், டாக்டர்களையும் சேர்த்து, ஏமாத்திடுது.

ஏன் இது மட்டும் கூடலைன்னா, உடைஞ்ச வெட்டு நேரா மூட்டுக்குள்ள போகுது. மூட்டுக்குள்ள வழுவழுன்னு ஒரு நீர் எப்பவும் ஊறிட்டே இருக்கும். வேற இடத்துல எலும்பு முறிஞ்சா ரத்தம் உறைஞ்சு, அதுதான் பசை மாதிரி முதல்ல பிடிக்கும். இங்க அந்த நீர் உறைஞ்ச ரத்தத்தைக் கரைச்சுட்டே இருக்கு. சுவத்துக்குப் பூசின சிமெண்டு காயறதுக்குள்ள தண்ணி ஒழுகினா என்ன ஆகும்? அடுத்தது, மணிக்கட்டையும் விரல்களையும் மேல தூக்குற தசைங்க எல்லாம் அந்தக் குமிழ்லதான் ஒட்டியிருக்கு. பையன் கட்டுக்குள்ள இருந்தபடியே விரலை ஆட்டினாலும் அந்தத் துண்டை ஒரு இழுப்பு இழுக்கும். போதாக்குறைக்கு, துண்டுக்கு ரத்தம் வர்றது பின்பக்கத்துலேர்ந்து ஒரு சின்னப் பட்டை வழியாத்தான். சில சமயம் துண்டு அப்படியே புரண்டு, வழவழப்பான குருத்தெலும்புப் பக்கம் முறிஞ்ச இடத்தைப் பார்த்துத் திரும்பிடும். குருத்தெலும்பு எலும்போட ஒட்டவே ஒட்டாது.

இதுல சாப்பாடு எங்க வந்துச்சு? நீங்க குடுத்த சோத்துல ஒரு குறையும் இல்ல.

காவிரிக்கரை | ஜூன் 13, மாலை 4.15

டாக்டர், இதைப் படிச்சுட்டு அடுப்படியில உட்கார்ந்து அழுதுட்டேன். மூணு மாசமா நான்தான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன்னு நினைச்சுட்டிருந்தேன்.

பழைய எக்ஸ்ரேயைத் திரும்பத் திரும்ப லைட்டுல காட்டிப் பார்க்கிறேன். ஒரு மெலிசான கோடு மாதிரித்தான் இருக்கு. இவ்வளவு பெரிய விஷயம்னா அதுல தெரிஞ்சிருக்க வேண்டாமா? அந்த டாக்டர் கவனிக்காம விட்டுட்டாரா?

வெள்ளைக்கோட்டு | ஜூன் 13, இரவு 9.30

அந்த டாக்டரைப் பத்தி நான் பேச மாட்டேன், அந்தப் படத்தை நான் பார்க்கல. ஏன் தெரியாமப் போகும்ங்கிறதைச் சொல்றேன்.

அஞ்சு வயசுக் குழந்தை முழங்கையில பாதிக்கு மேல இன்னும் எலும்பே ஆகல, குருத்தெலும்புதான். குருத்தெலும்பு எக்ஸ்ரேயில விழாது. முழங்கையில ஆறு இடத்துல எலும்பு முளைக்கும். முதல் முளை ஒரு வயசுல, கடைசி முளை 11 வயசு வாக்குல. பயிற்சிக் காலத்துல 1, 3, 5, 7, 9, 11னு வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்போம். உங்க பையன் வயசுக்கு அதுல ரெண்டு மூணுதான் தெரியும். மத்ததெல்லாம் படத்துல வெறும் இருட்டு. அதனால உடைஞ்ச துண்டு எக்ஸ்ரேயில வெட்டிப் போட்ட நகம் மாதிரி ஒரு மெல்லிய கீத்தாத் தெரியும். திறந்து பார்த்தா கொட்டைப்பாக்கு அளவுக்கு இருக்கும், அதோட மூட்டின் ஒரு பகுதியே சேர்ந்து வந்திருக்கும்.

இன்னொண்ணு, வழக்கமா நேராவும் பக்கவாட்டுலயும்தான் படம் எடுப்பாங்க. கையை உள்பக்கமாத் திருப்பி வச்சுச் சாய்வா ஒரு படம் எடுத்தாத்தான் இந்த இடைவெளி சரியாத் தெரியும். நான் எங்க எக்ஸ்ரே அறையில இதை எத்தனை தடவை எழுதிக் குடுத்தாலும் பாதி நாள் ரெண்டு படம்தான் வரும்.

இடைவெளி 2 மில்லிமீட்டருக்குள்ள இருந்தா மாவுக்கட்டு போட்டுப் பார்க்கலாம், தப்பில்ல. அதுக்கு மேல போனா கம்பி வச்சுடறது நல்லது. கட்டே போதும்னு முடிவு பண்ணினா ஒரு நிபந்தனை இருக்கு. ஒரு வாரத்துக்குள்ள மறுபடி எக்ஸ்ரே, அடுத்த வாரமும் ஒண்ணு. ஏன்னா, அஞ்சாறு நாள்ல வீக்கம் வத்தும், கட்டு லூசாகும், உள்ள துண்டு சத்தமில்லாம நகரும். முதல் நாள் நல்லா இருந்த படம் எட்டாம் நாள் வேற மாதிரி இருக்கும். அமெரிக்காவுல ஃபிளின்னு ஒரு டாக்டரும் அவர் கூட்டாளிகளும் 1975லயே இந்த "லேசா விலகின" முறிவுகள் எப்படிக் கூடாமப் போகுதுன்னு எழுதி வச்சாங்க. அரை நூற்றாண்டு ஆச்சு, இன்னும் வாரத்துக்கு ஒரு பிள்ளையாவது எங்க ஓ.பி.க்கு இப்படி வருது.

கட்டுப் பிரிக்கிற அன்னைக்கும் படம் எடுத்துக் கூடியிருக்கான்னு பார்த்துட்டுத்தான் பிரிக்கணும். இந்த இடத்துக்கு 3 வாரம்ங்கிறது பெரும்பாலும் பத்தாது, 4லேர்ந்து 6 வாரம் ஆகும்.

கட்டைவண்டி | ஜூன் 14, காலை 6.10

வாபஸ் வாங்கிட்டேன் டாக்டர். தங்கச்சி, மன்னிச்சுக்குங்க. பிரண்டைத் துவையல் மட்டும் ருசிக்காகச் சாப்பிடுங்க.

ஆறாம்விரல் | ஜூன் 14, காலை 11.48

இந்தத் தலைப்பைப் பார்த்ததும் கை தானா டைப் பண்ண ஆரம்பிச்சுருச்சு. ஒன்பது விரலால டைப் பண்றேன், பொறுத்துக்குங்க.

எனக்கு 41 வயசு. ஏழு வயசுல வேப்பமரத்துலேர்ந்து விழுந்தேன், வலது முழங்கை. ஊர்ல ஒருத்தர் எண்ணெய் போட்டு நீவி, பத்தை வச்சுக் கட்டினார். ஆஸ்பத்திரிப் பக்கமே போகல. ஒரு மாசத்துல வலி போயிருச்சு. "கூடிருச்சு"ன்னு கோயில்ல பொங்கல் வச்சோம். கை கொஞ்சம் கொஞ்சமா வெளிப்பக்கமாத் திரும்பிட்டே வந்துச்சு. கையைத் தொங்கப் போட்டா உள்ளங்கை தொடையை விட்டு ஒரு முழம் தள்ளி நிக்கும். பள்ளிக்கூடத்துல பட்டப்பேரு வேற. ஆனா வலி இல்ல. வாலிபால் ஆடினேன், மூட்டை தூக்கினேன், கல்யாணம் ஆச்சு.

34 வயசுல சுண்டுவிரலும் பக்கத்து விரலும் மரத்துப் போக ஆரம்பிச்சுது. பைக் ஓட்டினதால இருக்கும்னு நினைச்சேன். அப்புறம் சட்டைப் பொத்தான் போட வரல. வங்கியில கையெழுத்து ஒத்துப் போகல. ஒரு நாள் மச்சினன் வீட்டு விருந்து, இலையில ரசம் சாதம். பிசைஞ்சு எடுக்கிறேன், கடைசி ரெண்டு விரலும் சேரல. விரல் இடுக்குல ரசம் ஒழுகி முழங்கை வரைக்கும் ஓடுது. எதிர்ல உட்கார்ந்திருந்த சின்னப் பையன் சிரிச்சான். அன்னைக்குத்தான் டாக்டர்கிட்டப் போனேன்.

எக்ஸ்ரேயைப் பார்த்துட்டு அவர் சொன்னார், "உங்க எலும்பு இன்னும் கூடவே இல்ல. 27 வருஷமாத் தனியா நிக்குது." எனக்கு நம்பவே முடியல.

நரம்பை எடுத்து முன்பக்கமா மாத்தி வச்சாங்க. மரத்துப் போறது பாதி குறைஞ்சுது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல குழி விழுந்த சதை திரும்பி வரல. இப்ப ஸ்பூன்லதான் சாப்பிடுறேன். மேடம், வலி இல்லைங்கிறதை நம்பி விட்றாதீங்க. அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.

வெள்ளைக்கோட்டு | ஜூன் 14, பிற்பகல் 3.20

ஆறாம்விரல் சார், நன்றி. நான் நாலு பத்தி எழுதினாலும் உங்க ரசம் சாதம் ஆகாது.

என்ன நடந்துச்சுன்னா, வெளிப்பக்கக் குமிழ் பிடிமானம் இல்லாம மேலேயும் வெளியிலேயும் நகருது, அந்தப் பக்கம் வளர்ச்சியும் குறையுது, உள்பக்கம் ஒழுங்கா வளருது. அதனால வருஷத்துக்கு வருஷம் கை வெளிப்பக்கம் சாயும். முழங்கையில இடிச்சுக்கிட்டா கரண்ட் அடிக்குமே, அந்த நரம்பு உள்பக்கம் எலும்புக்குப் பின்னால ஒரு பள்ளத்துல போகுது. கை சாயச் சாய அது முறுக்கேத்தின தந்தி மாதிரி இழுபடும். மடக்கி நீட்டுற ஒவ்வொரு தடவையும் உரசும். இருபது வருஷம் கழிச்சுக்கூட அது செயலிழக்கலாம். பாரிஸ்ல பனாஸ்னு ஒருத்தர் 1878லயே எழுதி வச்ச சங்கதி இது.

மழைக்காலம் | ஜூன் 14, மாலை 6.05

என் பொண்ணுக்கும் முழங்கை முறிஞ்சு கோணலாத்தான் கூடுச்சு, அவளுக்கு ஒண்ணும் ஆகலையே? இப்ப காலேஜ் போறா. தேவையில்லாமப் பயமுறுத்துறீங்களோன்னு தோணுது.

வெள்ளைக்கோட்டு | ஜூன் 14, மாலை 6.40

உள்பக்கமா வளைஞ்சிருக்கா, வெளிப்பக்கமாவா?

மழைக்காலம் | ஜூன் 14, மாலை 6.52

உள்பக்கம். துப்பாக்கிக் கட்டை மாதிரின்னு அப்ப டாக்டர் சொன்னார்.

வெள்ளைக்கோட்டு | ஜூன் 14, மாலை 7.15

அப்ப அது மூட்டுக்கு மேல குறுக்கா முறிஞ்சது. நான் முதலிடம்னு சொன்னது. அது கூடாமப் போறது ரொம்ப அபூர்வம். கோணலாக் கூடும், பார்க்க ஒரு மாதிரி இருக்கும், வேலைக்குப் பெரும்பாலும் தடை இருக்காது. இங்க பேசுறது கூடவே கூடாத வகை. "முழங்கை முறிவு"ன்னு ரெண்டுக்கும் ஒரே பேர் சொல்றதுல வர்ற குழப்பம் இது.

நெல்லைச்சீமை | ஜூன் 14, இரவு 10.33

டாக்டர், நான் வாதத்துக்காகச் சொல்லல. எங்க அம்மாவோட அப்பா எலும்பு கட்டுறவர். வீட்டுத் திண்ணையில காலையில ஆளுங்க வரிசையா உட்கார்ந்திருப்பாங்க. காசு கேட்டு வாங்க மாட்டார், வெத்தலையில வைக்கிறதை எடுத்துக்குவார். நீங்க எல்லாரையும் ஒரே தராசுல போடுறீங்க.

ஆனா ஒண்ணு சொல்லணும், இதை எழுத உட்கார்ந்தப்பதான் ஞாபகம் வந்துச்சு. சின்னப் பிள்ளைக்கு முழங்கை வீங்கிட்டு வந்தா தாத்தா தொட மாட்டார். "நடு எலும்புன்னா நான் பார்க்கிறேன், முட்டு பெரியாஸ்பத்திரிக்கு"ம்பார். ஏன்னு நாங்க கேட்டதில்ல. கையைத் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார், பஸ்ஸுக்குக் காசில்லாதவங்களுக்கு அவரே குடுப்பார். இப்ப போர்டு வச்சுக் கட்டுறவங்க எத்தனை பேர் இப்படித் திருப்பி அனுப்புறாங்கன்னு தெரியல. மேடம், முதல்ல நான் போட்ட பதிவை அப்படியே எடுத்துக்க வேண்டாம்.

வெள்ளைக்கோட்டு | ஜூன் 15, காலை 7.05

உங்க தாத்தாவுக்கு ஒரு கும்பிடு. எதைத் தொடக்கூடாதுன்னு தெரிஞ்சு வச்சிருக்கார்.

நாட்டுக்கட்டுல என் பயம் கூடுமா கூடாதாங்கிறது பத்தி இல்ல. வீங்கற கையை இறுக்கிக் கட்டினா உள்ள ரத்த ஓட்டம் நின்னு, முன்கைத் தசை சில மணி நேரத்துல செத்துப் போகும். அப்புறம் விரல் எல்லாம் கொக்கி மாதிரி மடங்கி நின்னுரும். எங்க மாவுக்கட்டு இறுகினாலும் அதே கதைதான், அதுல எங்களுக்கு விதிவிலக்கு கிடையாது. கட்டுப் போட்ட குழந்தை விடாம அழுதா, விரலை நீங்க மெதுவா நீட்டி விடுறப்ப துடிச்சா, விரல் வெளுத்தோ நீலமாவோ தெரிஞ்சா, விடியட்டும்னு காத்திருக்காதீங்க. அந்த ராத்திரியே கட்டைப் பிரிக்கணும்.

நீவி விடுறது, சுளுக்கு எடுக்கிறது இந்த முறிவுக்கு ஆகவே ஆகாது. ஏற்கனவே மெலிசாப் போற அந்த ரத்தப் பட்டையும் பிஞ்சுடும்.

பனங்காய் | ஜூன் 15, பிற்பகல் 1.12

யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன். கொஞ்சம் வேற விசயம், ஆனா கை எலும்புதான். எங்கட மகளுக்கு நாலு வயசு. கார்க் கதவுக்குள்ள நடுவிரல் நசிஞ்சு போச்சு. நகத்தடியில இரத்தம் வந்தது, நகம் மேல கிளம்பி நிண்டது. மருந்து கட்டி விட்டினம். இப்ப ஏழு கிழமை. நுனி இன்னும் குனிஞ்சபடி நிக்குது, நகத்தடி சிவந்து கிடக்கு, இடைக்கிட சீழும் வருது. இதுவும் பொருந்தாத முறிவோ?

வெள்ளைக்கோட்டு | ஜூன் 15, பிற்பகல் 2.00

நாளைக்குன்னு தள்ளாதீங்க, இன்னைக்கே காட்டுங்க. விரல் நுனி எலும்பு வளர்ச்சிக் கோட்டுல, அதாவது எலும்பு நீளமா வளர்ற இடத்துல, முறிஞ்சு, நகத்துக்கு வேரா இருக்கிற சதை அந்தப் பிளவுக்குள்ள சிக்கியிருக்கலாம். சீமோர்ங்கிற டாக்டர் 1966ல விவரிச்சது, அவர் பேர்தான் அதுக்கு. நடுவுல சதை இருக்கிற வரைக்கும் எலும்பு கூடாது. நகம் பெயர்ந்தா அது வெளியில திறந்த முறிவு, அதனால கிருமி உள்ள போகும். நகத்தை எடுத்து, கழுவி, சதையை விடுவிச்சு, தேவைப்பட்டா ஒரு கம்பி. பக்கவாட்டுல அந்த ஒரு விரலை மட்டும் தனியா எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்க. நாலு விரலும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்த படத்துல எதுவும் தெரியாது.

தமிழ்நாட்டுல இருக்கிறவங்களுக்கு: இந்த மாதிரி விரல் விஷயங்களுக்குச் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில கைக்குன்னே தனிப்பிரிவு இருக்கு. டாக்டர் ஆர். வெங்கடசாமி 1971ல ஆரம்பிச்சு வளர்த்தது.

பனங்காய் | ஜூன் 15, இரவு 8.44

போனோம். நீங்கள் சொன்னதேதான். நாளைக்கு தியேட்டர். நன்றி டொக்டர்.

காவிரிக்கரை | ஜூன் 16, காலை 10.20

டாக்டர், ஆபரேஷனுக்கு ஒத்துக்கிட்டேன். மாமியார்கிட்ட ஆறாம்விரல் சார் பதிவை வாசிச்சுக் காட்டினேன். "ரசஞ்சோறு ஒழுகுச்சா?"ன்னு ரெண்டு தடவை கேட்டாங்க. அப்புறம் ஒண்ணும் பேசல. ராத்திரி அவங்களே பையனுக்குப் பிசைஞ்சு ஊட்டிட்டு, அவன் விரலை ஒவ்வொண்ணா நீவிப் பார்த்துட்டு இருந்தாங்க.

மூணு கேள்வி இருக்கு. இவ்வளவு லேட்டாப் பண்ணினாக் கூடுமா? கை முழுசா நேராகுமா? அவன் தோள்ல ஒரு காப்பி நிற மச்சம் இருக்கு, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டான்னு கூகுள்ல ஏதோ படிச்சுப் பயந்துட்டேன்.

வெள்ளைக்கோட்டு | ஜூன் 16, பிற்பகல் 3.05

மச்சத்துலேர்ந்து வர்றேன். ஒரு மச்சம்லாம் கணக்கே இல்ல. அந்த மாதிரி ஆறு அல்லது அதுக்கு மேல, ஒவ்வொண்ணும் 5 மில்லிமீட்டரை விடப் பெரிசா இருந்தாத்தான் ஒரு மரபணு நோயைச் சந்தேகிப்போம். அதுல முன்கை எலும்பு சும்மா லேசா விழுந்தாலே முறிஞ்சு கூடாமப் போகும், காலிலேர்ந்து ரத்தக்குழாயோட எலும்பை எடுத்து வைக்கிற அளவுக்குப் போகும். அது ரொம்ப அபூர்வம், இடமும் வேற. கூகுளை மூடுங்க.

மூணு மாசம்ங்கிறது தாமதம்தான், ஆனா கைமீறின தாமதம் இல்ல. துண்டு அதிகம் நகராம இருந்தாக் கூடறதுக்கு நல்ல வாய்ப்பு. ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்குங்க, இந்தக் கட்டத்துல டாக்டர் துண்டைப் பழைய இடத்துக்கே இழுத்து வச்சு அழகு பார்க்க மாட்டார். பார்க்கவும் கூடாது. அதைக் கொண்டு வரணும்னா பின்பக்கம் சதையெல்லாம் உரிக்கணும், ரத்தம் போய்த் துண்டு செத்துடும், மூட்டு இறுகிடும். இப்ப இருக்கிற இடத்துலயே, நடுவுல வளர்ந்திருக்கிற நார்ச்சதையைச் சுரண்டிட்டு, இடுப்பெலும்புத் துகளை வச்சு, வளர்ச்சிக் கோட்டைத் தொடாம ஒரு ஸ்குருவால இறுக்குவாங்க. கடைசிப் பத்துப் பதினஞ்சு டிகிரி நீளாமப் போகலாம். வெளிப்பக்கம் ஒரு புடைப்பு நிக்கும். குழாயடியில குடம் தூக்க, பேட் பிடிக்க, எழுத அது இடைஞ்சல் பண்ணாது.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா இந்த ஆபரேஷனுக்குச் செல்லுமான்னு அட்மிஷனுக்கு முன்னாடியே ஆஸ்பத்திரிக் காப்பீட்டு மேசையில கேட்டுடுங்க. அப்புறம் ஓடினா வேலைக்காகாது.

காவிரிக்கரை | ஜூலை 3, இரவு 9.50

ஜூன் 24 ஆபரேஷன் ஆச்சு. ஒண்ணேமுக்கால் மணி நேரம். தியேட்டர் வாசல்ல மாமியார் கந்த சஷ்டிக் கவசத்தை எத்தனை தடவை சொன்னாங்கன்னு எண்ணல. வெளியில வந்து டாக்டர் ஒரு சின்ன டப்பாவைக் காட்டினார், சுரண்டி எடுத்தது. நுங்குத் தோல் மாதிரி வெள்ளையா இருந்துச்சு. "இது இருக்கிற வரைக்கும் எந்தக் கட்டு போட்டாலும் கூடாதும்மா"ன்னார்.

கை வலியை விட இடுப்பு வலிதான் அவனுக்குப் பெரிசா இருந்துச்சு, நாலு நாள் சாய்ஞ்சு சாய்ஞ்சு நடந்தான். யாரும் முன்னாடியே சொல்லல, அதனால இங்க எழுதி வைக்கிறேன். அடுத்து வர்ற அம்மாக்கள் தயாரா இருந்துக்கட்டும்.

கட்டைவண்டி | ஜூலை 4, காலை 6.15

முருகா. நல்லபடியா வரும் தங்கச்சி.

ஆறாம்விரல் | செப்டம்பர் 9, மாலை 5.31

மேடம், பையன் எப்படி இருக்கான்? ரெண்டு மாசமாச் சத்தமே இல்ல. எனக்குத் தினமும் ஒரு தடவையாவது ஞாபகம் வருது.

காவிரிக்கரை | செப்டம்பர் 9, இரவு 10.05

மன்னிக்கணும் சார், பள்ளிக்கூடம், வீடுன்னு ஓடிட்டு இருக்கேன். ஆறாவது வாரப் படத்துல கோடு இருந்துச்சு, அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கல. டாக்டர் கட்டை மாத்தி, இன்னும் மூணு வாரம் போட்டார். போன வாரம் எடுத்த படத்துல கோடு பாதிக்கு மேல அழிஞ்சு, எலும்பு குறுக்கே பாலம் போட்ட மாதிரி வந்திருக்கு. கட்டைப் பிரிச்சாச்சு. தோல் எல்லாம் பாம்புச் சட்டை மாதிரி உரியுது. கையை யாரும் பிடிச்சு இழுத்து நீட்டக் கூடாதாம், அவனா விளையாடி நீட்டிக்குவானாம்.

வருஷத்துக்கு ஒரு தடவையாவது, வளர்ந்து முடியுற வரைக்கும் வரணும்னு சொல்லியிருக்கார். ரெண்டு கையையும் நீட்டி, உள்ளங்கை முன்னால தெரியுற மாதிரி போட்டோ எடுத்து வச்சுக்கச் சொன்னார், சாயுதான்னு ஒப்பிட. பின்கட்டுப் பச்சைக் கதவுக்கு முன்னால நிக்க வச்சு முதல் படம் எடுத்துட்டேன். இடது கை ஒரு விரக்கடை தள்ளி நிக்குது. மாமியாரும் பக்கத்துல போய்க் கையை நீட்டிக்கிட்டு நிக்கிறாங்க, தன் கையும் சரியா இருக்கான்னு பார்க்கணுமாம்.